நான்காம் மாடி ஜன்னலில் தொங்கும் ஏணி குறித்த மனு

அனுப்புநர்
தற்காலிகப் பணியாளர்,
பழைய ஒலிநாடாப் பிரிவு,
பல்கலைக்கழக நூலகம்.
(வீட்டு முகவரி தங்கள் கோப்பில் உள்ளது. தங்கள் அலுவலர்கள் ஒருமுறை வந்திருக்கிறார்கள்.)

பெறுநர்
பதிப்புரிமை அமலாக்க அலுவலர் அவர்கள்,
பதிப்புரிமை அமலாக்க அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: என்னிடம் கைப்பற்றப்பட்ட பழைய வீடியோ கேம் போர்டு – தங்கள் காவலில் இருந்தபோதே நகலெடுக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருப்பது – நகலெடுத்தவர் தாங்கள் நியமித்த தொழில்நுட்ப வல்லுநரே என்பது – போர்டை அழிக்கும் உத்தரவை நிறுத்தி, அவர் மீது நடவடிக்கை எடுக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: கைப்பற்றல் சான்று, வல்லுநர் அறிக்கை, அழிப்பு உத்தரவு.

மதிப்பிற்குரிய அய்யா,

இதற்கு முன் சுருக்கமாக எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. இம்முறை முழுதாக எழுதுகிறேன். படிக்க நேரமில்லையென்றால் கடைசி இரண்டு பத்திகளை மட்டுமாவது படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. வழக்குப் பொருள் ஒரு சர்க்யூட் போர்டு. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரியது. காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் இருந்த காலத்தில், அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது இதுதான். இதிலுள்ள சிப்புகளில்தான் விளையாட்டு முழுவதும் பதிந்திருக்கும். பெட்டிமேல் எழுதியிருந்த அயல்மொழிப் பெயரை யாரும் படித்ததில்லை. "லைட்டு மாமா" என்றே சொன்னார்கள். தொப்பை வைத்த ஒரு காவலாளி. ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அவர் மாடி மாடியாகப் போய், ஆளில்லாத அறைகளில் எரியும் விளக்குகளை அணைக்க வேண்டும். இருவர் ஆடினால், இரண்டாமவர் பின்னாலேயே வந்து விளக்குகளை மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். என் அக்கா எப்போதும் இரண்டாமவர். பல் துலக்கும்போதுகூட எனக்குப் பின்னால் நின்று குழாயைத் திறந்து விடுவாள்.

2. இந்த விளையாட்டின் நகல் எங்கும் கிடைக்காது. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அதன் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்துக்கும் தெரியவில்லை. கைப்பற்றல் சான்றில் "உரிமையாளர்" என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே போடப்பட்டிருக்கிறது.

3. வீட்டுக் கணினியை அந்தப் பழைய இயந்திரம்போலவே நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்கள் உண்டு. எமுலேட்டர் என்பார்கள். அந்த மென்பொருளில் குற்றமில்லை. அதற்குள் போடும் விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது தவறு என்பது எனக்குத் தெரியும். ஏற்கனவே நிரப்பி விற்கும் பெட்டியை வாங்குவதும் தவறு என்பது தெரியும். மூன்றாவது வழி ஒன்று மிச்சம். சொந்தமாக ஒரு போர்டு வாங்கி, அதன் சிப்பிலிருந்து தானே எடுத்துக்கொள்வது. அது சரியா, தவறா என்று கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கே வந்தேன். போர்டு வாங்குவதற்கு முன்பே வந்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

4. முன்மேசையில் இருந்த உதவியாளர் கோப்புகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "போர்டு உங்களுது. கம்ப்யூட்டர் உங்களுது. வீடும் உங்களுது. உங்க சட்டையை நீங்களே ஜெராக்ஸ் எடுத்தா யாரும்மா வந்து கேக்கப் போறா?" என்றார். அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "எழுதிக் கேட்டா 'கூடாது'ன்னுதான் வரும். வாயால கேட்டதோட விட்டுடுங்க" என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அந்த அலுவலகத்தில் எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

5. நூலகத்தில் என் வேலையும் இதுவே. பழைய ஒலிநாடாக்கள் இற்றுப்போவதற்குள் அவற்றை நகலெடுப்பது. அங்கே ஒரு அனுமதி முத்திரை இருக்கிறது. காலையில் முத்திரையோடு செய்கிற அதே காரியத்தை மாலையில் என் அறையில் முத்திரை இல்லாமல் செய்தால் குற்றம். இதை விவாதிக்க இந்த மனுவை எழுதவில்லை. எனக்கு விதியைப் பற்றிய யோசனை உண்டு என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

6. பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்த்து வந்த ஒருவரிடம் இரண்டு போர்டுகள் இருந்தன. ஒன்றில் தண்ணீர் புகுந்து வீணாகிவிட்டது. மற்றதை நான் வாங்கினேன். கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "படம் வச்சிருக்கிற சிப்பு கொஞ்சம் அரிச்சிருக்கு. நாலாவது மாடியில ஒரு கோளாறு தெரியும். பயந்துடாதீங்க." பழைய தொலைக்காட்சிப் பெட்டியோடு கம்பிகளால் இணைத்து இயக்கினேன். நான்காம் மாடி, இடமிருந்து மூன்றாவது ஜன்னல். திரைச்சீலை இருக்க வேண்டிய இடத்தில் ஏணியின் ஒரு துண்டு தலைகீழாகத் தொங்கியது. இரண்டு படிகள். ஒரு படி பாதியில் அறுந்திருந்தது. மற்ற போர்டு வீணாவதற்கு முன் அதில் இந்த ஏணி இருந்ததில்லை என்கிறார் பழுதுபார்த்தவர். விளையாட்டோடு அச்சடித்து வந்த விளம்பரத் தாளிலும் அந்த ஜன்னலில் திரைச்சீலைதான் இருக்கிறது. தாள் இணைக்கப்பட்டுள்ளது. பழுதுபார்த்தவரின் வாக்குமூலமும் இணைக்கப்பட்டுள்ளது.

7. இனி எதிர்மனுதாரர். அவர் என் அக்காவின் கணவர். செல்பேசி உதிரிப் பொருள் கடை வைத்திருக்கிறார். திருமணமான நாள் முதல் அவரை அத்தான் என்று அழைத்து வந்தேன். இம்மனுவில் எதிர்மனுதாரர் என்றே குறிப்பிடுகிறேன். அது எனக்குச் சிரமமாக இல்லை.

8. எதிர்மனுதாரர் கடையில் செல்பேசி உறைகளுக்குப் பின்னால், இரண்டாவது அடுக்கில், கறுப்புப் பெட்டிகள் இருக்கும். தொலைக்காட்சியில் செருகினால் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் வரும். எல்லாம் இணையத்திலிருந்து இறக்கியவை. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு வில்லை ஒட்டியிருக்கும்: "இதிலுள்ள விளையாட்டுகளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அழித்துவிடவும்." அழித்துவிட்டால் குற்றமில்லை என்று எங்கோ யாரோ கிளப்பிவிட்டதை அவர் சட்டம் என்றே நம்புகிறார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் வில்லையைப் படித்துவிட்டு, "அழிச்சுட்டா அப்புறம் எதை விளையாடறது?" என்று கேட்டார். "அது கவர்மெண்டு படிக்கிறதுக்கு சார். உங்களுக்கு இல்ல" என்றார் எதிர்மனுதாரர். நான் அப்போது கடையில் இருந்தேன். நானும் சிரித்தேன்.

9. கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, லைட்டு மாமா இருக்கிறதா என்பது. இல்லை. ஆயிரங்களில் அது ஒன்று மட்டும் இல்லை. என்னிடம் போர்டு இருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டார். கையில் பழப் பை. எதற்கு வந்தார் என்பது பையின் கனத்திலேயே தெரிந்தது. "ஒரு நாள் குடு. காலைல எடுத்துட்டுப் போய் சாயங்காலம் கொண்டாந்து வச்சிடறேன். தேய்ஞ்சா போயிடும்?" என்றார். முடியாது என்றேன். விற்பதற்குத் தர மாட்டேன் என்றேன். "படிச்ச பொண்ணு. எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வச்சிருப்பா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். போகும்போது பழப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு அதுதான் வருத்தம்.

10. அதன்பின் தங்கள் அலுவலர்கள் வந்தார்கள். வீட்டில் விளையாட்டுகளை நகலெடுத்து விற்பதாகப் புகார் வந்திருக்கிறது என்றார்கள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. இங்கே தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் தேடவில்லை. கூடத்தைப் பார்க்கவில்லை, மேசை இழுப்பறையைத் திறக்கவில்லை. நேராக என் அறைக்குப் போனார்கள். நேராக அலமாரியின் கீழ்த்தட்டு. நேராகக் கம்பளிக்கு அடியில் கை போனது. அந்தக் கம்பளியை மடித்து அங்கே வைத்தவள் என் அக்கா. போர்டு அங்கிருப்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

அலுவலர்களில் இளையவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயா கேம் ஓடுது? டிவி எங்க?" என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் குளியல் துண்டில் சுற்றி எடுத்துச் சென்றார்கள். சான்றில் துண்டு குறிப்பிடப்படவில்லை. அதையும் திருப்பித் தரக் கோருகிறேன்.

11. சில நாள் கழித்துத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டாம் தளத்து நடைவழி. சுவரோரம் தண்ணீர்க் குடுவை, பக்கத்தில் கால் உடைந்த பெஞ்சு. அங்கே எதிர்மனுதாரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் நீல நாடா. நாடாவில் அட்டை. அட்டையில் "தொழில்நுட்ப வல்லுநர்." புகார் கொடுத்தவர் யார் என்பது அப்போது விளங்கியது. அவரையே, பொருளைச் சோதிக்கும் வல்லுநராகத் தங்கள் அலுவலகம் நியமித்திருந்தது. ஊரில் இந்தப் போர்டுகளைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாருமில்லையாம்.

"என்ன கொழுந்தியா, ஆபீஸ் பக்கம்?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கவலையே வேணாம். உன் போர்டு நம்ம கையிலதான் இருக்கு. நம்ம வீட்டுப் பொருள் மாதிரி பாத்துக்கறேன்." அட்டையை ஒருமுறை விரலால் சுண்டினார். அது திரும்பிப் படம் தெரிந்தது. படத்தில் என் அக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தார்.

அன்று நான் சொல்லாதது எல்லாம் இந்த மனுவில் இருக்கிறது.

12. அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்தார். வீட்டுப் பொருள்போல அதை வீட்டுக்கே எடுத்துப் போனார். இதை எனக்குச் சொன்னவள் அக்கா. தொலைபேசியில், சாதாரணமாக, வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது: "உன் போர்டு எங்க சாப்பாட்டு மேஜையிலதான்டி கிடக்குது. அதைச் சுத்தி ஒயரு. பிள்ளைங்க ஓரமா உக்காந்து ஹோம்வொர்க் எழுதுதுங்க. இவரு ஏதோ மிஷின்ல அதைச் சொருகி வச்சுக்கிட்டு எங்களை மூச்சுக்கூட விடக்கூடாதுங்கறாரு." பிறகு சிரித்தாள். நானும் அவளும் ஒரே மாதிரி சிரிப்போம். யாருடைய சிரிப்பு என்று அம்மாவே குழம்புவார்.

காவலில் உள்ள பொருள் காவலைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது தங்கள் விதி. அதை எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நடைவழியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

13. பிறகு வல்லுநர் அறிக்கை வந்தது. மூன்றே சொற்றொடர்கள். "போர்டு போலியானது. இயங்கா நிலையில் உள்ளது. அழிக்கத் தக்கது." அதன் மேல் தங்கள் கையொப்பம். அழிப்பு உத்தரவு.

இந்த அறிக்கையை நான் பலமுறை படித்தேன். முதலில் இதை வெறும் வன்மம் என்று நினைத்தேன். இல்லை. கணக்கு. போர்டு அழிந்துவிட்டால் உலகத்தில் லைட்டு மாமா அவர் கறுப்புப் பெட்டியில் மட்டுமே இருக்கும். எங்கிருந்து எடுத்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் மிஞ்சாது. அழிக்கும் வேலையையும் தங்கள் செலவிலேயே முடித்துக்கொள்வார்.

14. அறிக்கையின் ஈரம் காய்வதற்குள் கடை வாசலில் பலகை வந்துவிட்டது. சுற்றிலும் சிறிய பல்புகள். "லைட்டு மாமா வந்தாச்சு. வேறெங்கும் கிடைக்காது."

கடைக்குப் போனேன். எதிர்மனுதாரர் இருந்தார். என்னைப் பார்த்தும் முகம் மாறவில்லை. "வா வா. நீ குடுக்கலன்னா என்ன, கடவுள் குடுத்தாரு" என்றார். கண்ணாடி மேசைமேல் தொலைக்காட்சி. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். மூன்று மாடிகளை முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது அவருக்கு. அவர் தோற்றுவிடக்கூடாது என்று நான் விரும்பினேன். வாழ்க்கையில் வேறு எந்த அந்நியருக்காகவும் அப்படி விரும்பியதில்லை. நான்காம் மாடி வந்தது. இடமிருந்து மூன்றாவது ஜன்னல்.

ஏணி. தலைகீழ். இரண்டு படிகள். ஒன்று அறுந்தது.

அவர் ஆட்டத்தை நிறுத்தாமலே, "என்னங்க இது, ஜன்னல்ல ஏணி தொங்குது?" என்றார். எதிர்மனுதாரர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஒரிஜினல்லயே அப்படித்தான் சார். கம்பெனிக்காரன் வேணும்னே வச்சது. அதான் ஒரிஜினல்னு அடையாளம்" என்றார். ஒரு நல்ல வல்லுநர், சிப்பு அரித்திருப்பதைப் பார்த்தவுடன் சொல்லியிருப்பார். இவர் அரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அதை அடையாளம் என்று வேறு விற்கிறார். அந்தப் பெட்டியில் ஒன்றை, என் சார்பில், வழக்கறிஞரான என் கல்லூரித் தோழி ரசீதுடன் வாங்கியிருக்கிறாள். பெட்டியும் ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன. வில்லையும் அடியில் அப்படியே இருக்கிறது.

15. ஆக, அறிக்கைப்படி போலியான, இயங்காத ஒரு போர்டிலிருந்து, கடையில் ஓடும் விளையாட்டு வந்திருக்கிறது. இதற்கு ஒரு விளக்கம்தான் உண்டு.

16. தாங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்கிறேன். இது குடும்பப் பகையா, பழிவாங்கும் நோக்கம் உண்டா என்பது கேள்வி. உண்டு. புகார் கொடுப்பவர் கோபமில்லாமல் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதிர்மனுதாரர் நீல நாடாவோடு அலுவலகம் போய்வரும் ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நாடாக்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு பழைய பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அவருடைய "கொழுந்தியா" கேட்கிறது. நான் மன்னிக்கும் வயதுக்கு வரும்வரை காத்திருக்க விருப்பமில்லை. வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு.

17. நேற்று அக்கா வந்தாள். நான் மனு எழுதுவது அம்மா வழியாகத் தெரிந்திருக்கிறது. என் கட்டிலில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் சொன்னவற்றை, அவள் பின்னால் மறுக்கக்கூடும் என்பதால், அப்படியே தருகிறேன்.

"சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான். தோத்தா மிஷின் பிளக்கையே பிடுங்கிடுவ."

"ஒரு விளையாட்டுச் சாமானுக்காகவாடி என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப் போற?"

"அவரு தப்பே பண்ணியிருக்கட்டும். பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? ஸ்கூல்ல கேக்க மாட்டாங்களா?"

"போன்ல நான் சும்மா சொன்னேன். அக்கா சொன்னதைக் கொண்டுபோய் ஆபீஸ்ல எழுதிக் குடுப்பியா நீ?"

நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். கம்பளிக்கு அடியில் இருப்பதை யார் சொன்னது என்று.

அலமாரியைப் பார்த்தாள். கீழ்த்தட்டை. பிறகு, "கேட்டாரு. சொன்னேன். புருஷன் கேட்டா சொல்லாம இருப்பாங்களா?" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உனக்கு அதெல்லாம் புரியாது" என்றாள்.

எழுந்து போகும்போது அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன்.

18. இனி, ஆதாரம். என் தோழி சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். கடையில் ஓடுவதும் போர்டில் இருப்பதும் ஒன்றே என்று காட்டினால் போதாது. எதிர்மனுதாரர் இரண்டு விதமாகத் தப்பலாம். எல்லாப் போர்டிலும் ஏணி உண்டு என்பார். அல்லது போர்டிலுள்ள சிப்பையே மாற்றிவிடுவார். வல்லுநர் என்ற முறையில் அவர் கடந்த வாரமும், போர்டு இப்போது திரும்பி வந்து கிடக்கும் பொருள் வைக்கும் அறைக்குள் போய்வந்திருக்கிறார். ஆகவே, போர்டு அவர் கைக்குப் போவதற்கு முன்பே அதில் இந்த ஏணி இருந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

அதற்கு, பழுதுபார்த்தவரின் சொல்லைத் தவிர, கண்ணால் காட்டக்கூடிய ஒரே ஆதாரம் உண்டு. என் நகல்.

கைப்பற்றல் சான்றில் பல கேள்விகள் இருந்தன. நகல் எடுத்தாயா என்ற கேள்வி இல்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. போர்டை வாங்கிய வாரமே, அதன் சிப்பிலிருந்து, எனக்காக மட்டும் ஒரு நகல் எடுத்தேன். முன்மேசை உதவியாளர் வாயால் சொன்ன அனுமதியை நம்பி எடுத்தேன். அது ஒரு நினைவக அட்டையில் இருக்கிறது. எடுத்த தேதி அதில் பதிந்திருக்கிறது. தங்கள் அலுவலர்கள் என் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய தேதி. ஏணி அதிலும் தொங்குகிறது. அந்த அட்டையை உறையிலிட்டு முத்திரை வைத்து இம்மனுவுடன் ஒப்படைக்கிறேன். என்னிடம் வேறு நகல் இல்லை.

19. தோழி கடைசிவரை தடுத்தாள். "லூசாடி நீ? இதைக் குடுத்தா உன் மேல நீயே கேஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி. சொந்த போர்டா இருந்தாலும் நகல் எடுத்தது தப்புன்னு ஒரு ஜட்ஜ் சொல்லிட்டார்னா போச்சு. லைப்ரரியில அடுத்த தடவை உன் பேரைப் புதுப்பிப்பாங்களா?" புதுப்பிக்க மாட்டார்கள். வழக்கு நிலுவையில் உள்ளவரைத் தற்காலிகப் பணியில்கூட வைப்பதில்லை. விதியைப் படித்துப் பார்த்துவிட்டேன். முத்திரை உள்ள அந்த மேசை, அந்த நாடாக்கள், யாரோ மூச்சு வாங்கும் இடங்கள். எல்லாம் போகும். "அப்ப அவனை விட்டுடு" என்றாள். விட முடியவில்லை.

சொந்தப் போர்டிலிருந்து வீட்டுக்காக எடுத்த நகல் குற்றமா என்ற கேள்விக்கு எனக்கு எழுத்தில் பதில் கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கும். குற்றம் என்றால் தண்டனையை ஏற்கிறேன். மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஆனால் அதே சட்டம், அதே பிரிவு, அதே மேசையில் அவருக்கும் படிக்கப்பட வேண்டும். அவர் பெயர் முதலில். என் பெயர் அதற்குக் கீழே.

20. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ) போர்டை அழிக்கும் உத்தரவை இன்றே நிறுத்தி வைக்குமாறும், பொருள் வைக்கும் அறையின் சாவியை எதிர்மனுதாரர் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுமாறும்,

ஆ) போர்டு, கடைப் பெட்டி, என் நகல் மூன்றையும் என் முன்னிலையிலும் அவர் முன்னிலையிலும் இயக்கி, நான்காம் மாடிவரை ஆடிப் பார்க்குமாறும் (ஆடத் தெரிந்தவர் இல்லையென்றால் நான் ஆடித் தருகிறேன்),

இ) அவருடைய வல்லுநர் நியமனத்தை ரத்து செய்யுமாறும், நீல நாடாவை அவர் கழுத்திலிருந்து எடுப்பது இரண்டாம் தளத்து நடைவழியில், அலுவலக நேரத்தில், பெஞ்சில் ஆட்கள் இருக்கும்போது நடக்க வேண்டும் என்றும்,

ஈ) கடையிலுள்ள கறுப்புப் பெட்டிகள் அனைத்தையும் கைப்பற்றுமாறும், அதைக் கடை திறந்திருக்கும் வேளையில், முன்வாசல் வழியாக, எதையும் துண்டில் சுற்றாமல் எடுத்து வருமாறும்

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

21. சமரசத்துக்கு அழைக்க வேண்டாம். மன்னிப்புக் கடிதம் வாங்கித் தர வேண்டாம். பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்ப்பதாக எதிர்மனுதாரர் சொல்லக்கூடும். எங்கள் குடும்பத்தில் பெரியவர் என்று இருப்பது அம்மா மட்டும். அம்மா அவருக்கு நாற்காலி போடுவார்.

சாட்சிகள் மூவர். மூன்றாமவர் பழுதுபார்த்தவர். இரண்டாமவர் என் தோழி. முதல் சாட்சியாக என் அக்காவை அழைக்குமாறு கோருகிறேன். போர்டு காவலைவிட்டு வெளியே போய், ஒரு சாப்பாட்டு மேசையில் கிடந்ததை, எதிர்மனுதாரரையும் பிள்ளைகளையும் தவிர, கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவள். அவளைத் தனியாக விசாரிக்க வேண்டாம். கணவர் எதிரில், நானும் இருக்கும்போது கேளுங்கள். அவள் பொய் சொன்னால் அது எனக்கு முகத்திலேயே தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் அவருக்குத் தெரியும். அவள் எதைச் சொன்னாலும், அன்று மாலை அந்த வீட்டு மேசையில் நால்வரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் "குற்றம் சாட்டப்பட்டவர்" என்று குறிக்கப்பட்டுள்ள
மனுதாரர்

(ஒப்பம்)

இடம்: மேற்படி வீடு
நாள்: அழிப்பு உத்தரவில் குறித்த நாளுக்கு முந்தைய வேலை நாள்

இணைப்பு: விளம்பரத் தாள், பழுதுபார்த்தவர் வாக்குமூலம், கறுப்புப் பெட்டி (ரசீதுடன்), நினைவக அட்டை (முத்திரையிட்ட உறையில்).